ஒரே வரி, இரண்டு வாசிப்பு: இபிஎல் வினவலில் இது பண்பா, மெத்தட் அழைப்பா?

#1 ஓடைநீர்

எஸ்பர் (ஓடிவரும் நிகழ்வுகளின் மேல் வினவல் ஓட்டும் ஜாவா இயந்திரம், அதன் வினவல் மொழிதான் இபிஎல்) பயன்படுத்துகிறோம். அழுத்த உணரிகள் எல்லாம் பிஎஸ்ஐ அலகில் அனுப்புகின்றன; அதைக் கிலோபாஸ்கலாக்கிச் சராசரி எடுத்து, வரம்பு மீறினால் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். வினவல் சிறியது. திறவுச்சொற்களையும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன், வடிவம் மட்டும் கவனத்தில் இருந்தால் போதும்:

செலக்ட் ஆவ்ஜி(அழுத்தம் * யூஓஎம்.காரணி('பிஎஸ்ஐ')) ஃப்ரம் உணரிநிகழ்வு#டைம்(60 செகண்ட்ஸ்)

யூஓஎம் என்பது எங்கள் உதவி கிளாஸ். காரணி அதிலுள்ள ஸ்டாட்டிக் மெத்தட். அலகின் பெயரைக் கொடுத்தால் பெருக்க வேண்டிய எண்ணைத் தரும். பிஎஸ்ஐ என்றால் 6.895. நெடுநாளாக ஒழுங்காக ஓடிய வினவல் இது.

அண்மையில் நிகழ்வு கிளாஸைப் பராமரிக்கும் குழு அதில் ஒரு புதிய கெட்டரை (பண்பின் மதிப்பைத் தரும் மெத்தட்) சேர்த்தது. வினவலை யாரும் தொடவில்லை. கம்பைல் ஆனது, ஓடியது, பிழை எதுவும் இல்லை. ஆனால் சராசரி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கி, ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை ஒலிக்கவில்லை. புதிய கெட்டரின் பெயர் கெட்யூஓஎம். அது திருப்பித் தரும் பொருளில் கெட்காரணி என்ற கெட்டர் இருக்கிறது, உரை ஒன்றை வாங்கி டபுள் தருகிறது. அது தருவது உணரியின் அளவுத்திருத்தக் காரணி, 1-ஐ ஒட்டிய எண்.

அந்தக் கெட்டரை நீக்கினால் பழைய விடை வந்துவிடுகிறது. என் கேள்வி: "இது கிளாஸ், பண்பு அல்ல" என்று இபிஎல்லுக்கு அடித்துச் சொல்வது எப்படி?


#2 பழையஜாவா

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு பெயர், புள்ளி, இன்னொரு பெயர், அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு உரை மாறிலி. இந்த வடிவத்துக்கு இபிஎல்லில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று கிளாஸின் ஸ்டாட்டிக் மெத்தட் அழைப்பு. மற்றொன்று மேப் பண்பு: நிகழ்வுக்குள் யூஓஎம் என்றொரு பொருள், அதனுள் காரணி என்றொரு மேப், அதில் 'பிஎஸ்ஐ' என்ற சாவிக்குரிய மதிப்பு. உரை வாங்கும் கெட்டர் இருந்தாலே எஸ்பர் அதை மேப் பண்பாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் எழுத்தளவில் பிரித்தறிய வழியில்லை, பார்சரால் முடியாது. பெயர்களுக்குப் பொருள் காணும் கட்டத்தில்தான் தெரியும், அங்கே முதலில் பண்பாகத் தேடுவார்கள், கிடைக்காவிட்டால்தான் கிளாஸ். முன்பு பண்பு இல்லை, ஆகவே கிளாஸ் கிடைத்தது. இப்போது பண்பு வந்துவிட்டது. அவ்வளவுதான்.

"கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், பண்பின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும், எனவே மோதாது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கெட்டரின் பெயரிலிருந்து பண்பின் பெயரைப் பெறும் ஜாவாபீன்ஸ் விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. கெட் என்ற முன்னொட்டை நீக்கியபின் மிஞ்சும் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுமே பெரிய எழுத்து என்றால் அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். கெட்யூஆர்எல் என்பதிலிருந்து கிடைக்கும் பண்பு முழுக்கப் பெரிய எழுத்திலான யூஆர்எல். உங்கள் யூஓஎம்மும் அதே வகை. சுருக்கப்பெயர்களால் கிளாஸுக்குப் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் நிற்கிறார்கள்.


#3 ஓடைநீர்

நன்றி. சுருக்கப்பெயர் விலக்கு இதில் புகுந்திருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் கம்பைலர் ஓர் எச்சரிக்கையாவது தந்திருக்கலாமே? இரண்டு பொருளும் பொருந்துகின்றன என்று அதற்குத் தெரியும் அல்லவா?


#4 மதகு

தெரியாது. முதல் பொருள் பொருந்தியதும் தேடல் நின்றுவிடுகிறது. இரண்டாவதைத் தேடியே பார்ப்பதில்லை, பிறகு எப்படி எச்சரிக்கும்? எதுவுமே பொருந்தாதபோது வரும் பிழைச்செய்தியை எஸ்பர் 8-இல் பார்த்திருப்பீர்கள்: பண்பு, ஒற்றை வரிசை ஃபங்ஷன் (ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியே ஓடுவது), திரட்டு ஃபங்ஷன் (பல நிகழ்வுகளைச் சேர்த்துக் கணிப்பது), ஸ்கிரிப்ட், ஓடை, கிளாஸ் என்று ஒரு பட்டியலையே ஒப்பித்து, இவற்றில் எதுவாகவும் இந்தப் பெயரைக் காண முடியவில்லை என்று சொல்லும். ஒரு பெயருக்கு இத்தனை வீடுகள் இருக்கலாம் என்று அந்தச் செய்தியே ஒப்புக்கொள்கிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். கிளாஸின் முழுப்பெயரை, பேக்கேஜோடு சேர்த்து எழுதுங்கள். இம்போர்ட்டை நம்பிச் சுருக்கமாக எழுதியதால்தான் மோதல். நிறுவனம்.கருவிகள்.யூஓஎம்.காரணி('பிஎஸ்ஐ') என்றால், நிகழ்வில் 'நிறுவனம்' என்ற பண்பு வந்தாலொழிய மோதாது. அப்படி ஒரு பண்பு வரவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பேக்கேஜின் முதல் துண்டு பெரும்பாலும் மூன்றெழுத்துச் சொல், அதைப் பண்பாக வைப்பவர் அரிது.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு வழி. மெத்தட்டை ஒற்றை வரிசை ஃபங்ஷனாகக் கம்பைலரின் அமைப்பில் பதிவு செய்து, எந்த நிகழ்விலும் வர முடியாத பெயரைக் கொடுங்கள். எங்கள் குழுவில் அப்படிப்பட்ட ஃபங்ஷன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான முன்னொட்டு, அடிக்கோட்டோடு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வினவலைப் படிப்பவருக்குக் கண்ணிலேயே தெரிந்துவிடும், கம்பைலருக்கும் குழப்பமில்லை.


#5 கடைசிவரி

> எந்த நிகழ்விலும் வர முடியாத பெயரைக் கொடுங்கள்

இன்னொரு தந்திரமும் சொல்வார்கள்: மெத்தட்டுக்கு இரண்டாவது அளபுரு ஒன்றைச் சேர்த்துவிடு. மேப் பண்புக்குச் சாவி ஒன்றுதான், இரண்டு அளபுரு வந்தால் அது பண்பாக இருக்க முடியாது. யூஓஎம்.காரணி('பிஎஸ்ஐ', 'கேபிஏ') என்றால் பிரச்சினை தீர்ந்ததா?


#6 மதகு

பாதிதான். மேப் பண்பு என்ற பொருள் அடிபட்டுப் போகும், சரி. ஆனால் யூஓஎம் என்பது பண்பு என்று முதலிலேயே தீர்மானமாகிவிட்டால், அந்தப் பொருளின் மேல் இரண்டு அளபுரு வாங்கும் காரணி மெத்தட்டைத் தேடும், இல்லை என்றால் பிழை. கிளாஸுக்குத் திரும்பிவரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அமைதியாகத் தவறுவதற்குப் பதில் சத்தமாகத் தவறும், அந்த அளவுக்கு முன்னேற்றம். மூல அலகு, இலக்கு அலகு இரண்டையும் கேட்பது மெத்தட்டின் வடிவமைப்பாகவும் நல்லதுதான், அது வேறு விஷயம்.


#7 இலக்கணப்பிழை

எல்லோரும் நோயாளிக்கே அறிவுரை சொல்கிறீர்கள். குறை மொழியில் இருக்கிறது.

இதே எஸ்பரில் இரண்டு ஓடைகளை ஜாயின் செய்து, இரண்டிலும் இருக்கும் பண்பை மாற்றுப்பெயர் இல்லாமல் எழுதிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஓடைகளில் பொருந்துகிறது, தெளிவில்லை என்று பிழை கொடுத்து நிறுத்திவிடும். எஸ்க்யூஎல்லும் அப்படித்தான். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பெயர்கள் மோதினால் "நீயே சொல்" என்று கேட்கிற மொழி, வேறு வேறு இனங்கள் மோதும்போது மட்டும் தானே முடிவெடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறது. பண்பா கிளாஸா என்பது ஓடை ஒன்றா இரண்டா என்பதைவிடப் பெரிய வேறுபாடு அல்லவா? அங்கேதான் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

எழுத்துகளின் அளவு பற்றிய அமைப்பில்கூட இந்தத் தெளிவு இருக்கிறது. பண்பின் பெயரைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் தேடச் சொல்லலாம். அதில் ஒரு வகை, ஒன்றுக்கு மேல் பொருந்தினால் பிழை தருகிறது. அதாவது தெளிவின்மையைப் பிழையாக்கும் எண்ணம் அவர்களுக்கு உண்டு. முழுவதும் கொண்டுபோகவில்லை.


#8 பழையஜாவா

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஜாவாவின் கிளாஸ் பாதையில் ஆயிரக்கணக்கான கிளாஸ்கள். எஸ்பர் ஜாவா.லாங், ஜாவா.யுடில் போன்ற பேக்கேஜ்களைக் கேட்காமலேயே இம்போர்ட் செய்துகொள்கிறது. நாளை ஒரு நூலகத்தின் பதிப்பை உயர்த்தினீர்கள், அதில் உங்கள் பண்பின் பெயரிலேயே ஒரு கிளாஸ். நேற்றுவரை ஓடிய வினவல் இன்று கம்பைல் ஆகாது, அந்தக் கிளாஸை நீங்கள் கனவில்கூடப் பயன்படுத்தியதில்லை என்றாலும். நிகழ்வின் பண்பைத்தான் ஒருவர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சொல்ல வருகிறார். ஆகவே பண்புக்கு முதலிடம்.

ஜாவா மொழியே இப்படித்தான். அதன் வரையறையின் 6.5-ஆம் பகுதி முழுக்க இந்த வேலைக்குத்தான்: புள்ளிக்கு முன்னால் உள்ள பெயர் எல்லைக்குள் இருக்கும் வேரியபிளா என்று முதலில் பார், இல்லாவிட்டால் கிளாஸா என்று பார், அதுவும் இல்லாவிட்டால் பேக்கேஜ். வேரியபிள் இருந்தால் அதே பெயருள்ள கிளாஸ் மறைந்துபோகிறது, கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. அந்த மறைப்புக்கென்றே 6.4.2 என்று தனிப்பகுதி இருக்கிறது. எஸ்பரை எழுதியவர்கள் ஜாவாக்காரர்கள். ஜாவாவின் பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.


#9 இலக்கணப்பிழை

ஜாவாவில் வேரியபிளை அறிவிப்பது நான். என் கண்ணெதிரே அதே கோப்பில் இருக்கிறது. இங்கே பண்பை அறிவிப்பது வேறொரு குழு, வேறொரு கோப்பு, வேறொரு நாள். ஒப்பீடு நிற்காது.

எஸ்க்யூஎல்லில் இதற்குச் சரியான இணை துணை வினவல்தான். டெலீட் ஃப்ரம் ஆர்டர் வேர் எண் இன் (செலக்ட் எண் ஃப்ரம் நீக்கவேண்டியவை) என்று ஒருவர் எழுதுகிறார். உள்ளே இருக்கும் அட்டவணையில் 'எண்' என்ற நெடுவரிசையே இல்லை, அங்கே அதன் பெயர் 'ஆர்டர்எண்'. பிழை வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. உள்ளே கிடைக்காத பெயரை வெளியே தேடும் விதிப்படி அது வெளி அட்டவணையின் எண்ணாகிவிடும். ஒவ்வொரு வரிசையும் தன் எண்ணோடு தானே சமம். உள் அட்டவணையில் ஒரு வரிசை இருந்தால் போதும், ஆர்டர் மொத்தமும் துடைக்கப்பட்டுவிடும். தரநிலைப்படி முற்றிலும் சரியான நடத்தை! முன்னுரிமை விதி எங்கெல்லாம் மௌனமாக வேலை செய்கிறதோ அங்கெல்லாம் இப்படி ஒரு கதை இருக்கும்.


#10 கடைசிவரி

நீங்கள் இருவரும் மோதிக்கொண்டிருக்கும் இடத்தில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் நிலையை ஒரு முறை மாற்றியே இருக்கிறது. அங்கே கூட்டு வகை ஒன்றை அளபுருவாக வாங்கும் ஃபங்ஷனைப் புள்ளி வைத்தும் அழைக்கலாம், பொருள்.விலை என்பதும் விலை(பொருள்) என்பதும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. அந்த வகைக்குள்ளேயே விலை என்ற புலமும் இருந்தால்? 11-ஆம் பதிப்புக்கு முன்பு, அழைப்பின் வடிவம் ஃபங்ஷனாகத்தான் இருக்க முடியும் என்று கட்டாயப்படுத்தினாலொழிய, புலத்துக்கே வெற்றி. 11 முதல் எழுதிய வடிவத்தைப் பார்க்கிறது: புள்ளி வைத்தால் புலம், அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன். எழுதியவரின் நோக்கத்துக்கு இது நெருக்கம். ஆனாலும் ஆவணத்தில் அவர்கள் சொல்லும் அறிவுரை, இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல என்பதுதான்.

எஸ்பரால் அதைச் செய்ய முடியாது. மேப் பண்புக்கும் அடைப்புக்குறி, மெத்தட்டுக்கும் அடைப்புக்குறி. மேப் சாவிக்குச் சதுர அடைப்பைக் கொடுத்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

வேறு நிகழ்வுச் செயலாக்க மொழிகள் வடிவத்திலேயே பிரித்துவிட்டன. சித்தி இயந்திரத்தில் நீட்சி ஃபங்ஷன்களுக்கு முன்னால் பெயர்வெளியும் முக்காற்புள்ளியும் வரும், பண்புக்குப் புள்ளி. இரண்டும் மோத வாய்ப்பே இல்லை. ஆரக்கிளின் சிக்யூஎல்லில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் @ குறியும் கார்ட்ரிட்ஜின் (நீட்சித் தொகுதி) பெயரும் போடலாம். எஸ்பரிலும் பேட்டர்னுக்குள் டைமர்:இன்டர்வெல் என்று முக்காற்புள்ளி வழக்கம் இருக்கிறது. முன்பு ஜன்னல்களுக்கும் (கடைசி 60 செகண்ட் போன்ற நிகழ்வுத் தொகுப்பு) .வின்:டைம் என்று எழுதினார்கள்; இப்போது # வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கிடைத்த தனி அடையாளம் மெத்தட்டுக்குக் கிடைக்கவில்லை.


#11 புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே போன்ற இன்னொன்று: மேக்ஸ்(அ) என்றால் ஜன்னலில் உள்ள எல்லா நிகழ்வுகளிலும் பெரியது. மேக்ஸ்(அ, ஆ) என்றால் ஒரே நிகழ்வில் இரண்டு பண்புகளில் பெரியது. ஒரு அளபுருவை அழித்தால் வினவலே திரட்டு வினவலாக மாறிவிடுகிறது. இதுவும் தெளிவின்மை வகையில் சேருமா?


#12 பழையஜாவா

சேராது, ஆனால் உறவு. அங்கே அளபுருக்களின் எண்ணிக்கை விடையைத் தீர்மானிக்கிறது. எழுதிய வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம், வேறு கோப்பைத் திறக்க வேண்டாம். எஸ்க்யூலைட்டிலும் அதே ஏற்பாடுதான். ஓடைநீரின் வரியில் அது முடியாது, அதுதான் வேறுபாடு.


#13 மதகு

ஃபிலிங்க் (இன்னொரு ஓடைச் செயலாக்க இயந்திரம்) பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. ஃபிலிங்க் எஸ்க்யூஎல்லின் ஆவணம் ஃபங்ஷன் பெயர்களைத் துல்லியமான குறிப்பு, தெளிவற்ற குறிப்பு என்றே இரண்டாகப் பிரிக்கிறது. கேட்டலாக், தரவுத்தளம், பெயர் என்று முழுதாக எழுதினால் துல்லியம், 1.10 பதிப்பிலிருந்து அப்படி எழுதலாம். வெறும் பெயரை மட்டும் எழுதினால் தெளிவற்றது, தேடல் வரிசை: தற்காலிக சிஸ்டம் ஃபங்ஷன், சிஸ்டம் ஃபங்ஷன், நடப்புக் கேட்டலாக்கின் தற்காலிக ஃபங்ஷன், கடைசியில் கேட்டலாக் ஃபங்ஷன். நீங்கள் கேட்டலாக்கில் பதிவு செய்த ஃபங்ஷனின் பெயரிலேயே அடுத்த பதிப்பில் ஓர் உள்ளமைந்த ஃபங்ஷன் வந்தால் உங்களுடையது பின்னுக்குப் போய்விடும். முழுப்பெயர் எழுதியவருக்கு இந்தக் கவலை இல்லை.

வரிசையை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. விதி தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் நள்ளிரவில் படிப்பார். எந்த வரிசையில் தேடினாலும் ஒரே விடை வருகிற மாதிரி எழுத முடியுமென்றால், அப்படித்தான் எழுத வேண்டும்.


#14 கடைசிவரி

அந்த அளவுகோலை வைத்தால் தேதி மெத்தட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இபிஎல்லுக்கு பிஃபோர், ஆஃப்டர் என்று சொந்த மெத்தட்கள் உண்டு, ஜாவாவின் டேட் கிளாஸிலும் அதே பெயர்கள். தொடக்கம்.பிஃபோர்(முடிவு) என்ற வரியைப் பார்த்தால் யாருடையது என்று தெரியாது. இபிஎல்லின் பிஃபோர் கால இடைவெளி வரம்புகளையும் வாங்கிக்கொள்ளும், டேட் கிளாஸுடையது வாங்காது. வரம்பு எழுதியிருந்தால் ஐயமில்லை. வெறுமனே இரண்டு கணங்களை ஒப்பிடுவதுதான் வேலை என்றால், அவை மில்லிசெகண்ட் எண்களாக இருக்கும்போது சிறியது குறியைப் போட்டுவிட்டுப் போகலாம்.


#15 பின்குறிப்பு

ஓவர்லோடு பற்றி யாரும் பேசவில்லையே. கிளாஸ்தான் என்று முடிவான பிறகும் அந்தக் கிளாஸில் ஒரே பெயரில் மூன்று மெத்தட்கள் இருக்கலாம். அளபுரு நல் (மதிப்பே இல்லாதது) என்றால் எதைத் தேர்வது? ஜாவாவில் பிரின்ட்எல்என்(நல்) என்று எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். கேரக்டர் வரிசையும் பொருந்துகிறது, ஸ்ட்ரிங்கும் பொருந்துகிறது, ஒன்றைவிட ஒன்று நெருக்கமில்லை. மெத்தட்களை ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைப் பார்க்கும் வசதி) வழியாகத் தேடும் கருவிகளில் கவனம் இன்னும் தேவை, ஏனென்றால் ஒரு கிளாஸின் மெத்தட் பட்டியல் எந்த ஒழுங்கிலும் வரும் என்று ஜாவா ஆவணமே சொல்கிறது. காஸ்ட் போட்டு வகையைச் சொல்லிவிடுங்கள். அதைவிட நல்லது, வினவலிலிருந்து அழைப்பதற்கென்று ஓவர்லோடு இல்லாத தனி மெத்தட் ஒன்றை எழுதி வைப்பது. என்னிடம் வருகிற கோடு ரிவியூக்களில் இதைக் கறாராகக் கேட்பேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.


#16 ஓடைநீர்

எல்லோருக்கும் நன்றி. மதகு சொன்னபடி ஒற்றை வரிசை ஃபங்ஷனாகப் பதிவு செய்து, முன்னொட்டோடு பெயர் மாற்றிவிட்டோம். மூல அலகு, இலக்கு அலகு இரண்டும் அளபுரு. எச்சரிக்கை சரியான இடத்தில் ஒலிக்கிறது.

மீதமிருப்பது மற்ற வினவல்கள். நிறைய இருக்கின்றன, பலவற்றில் கிளாஸ்.மெத்தட் வடிவம். இவற்றில் எவையெல்லாம் ஏற்கெனவே பண்புக்குத் திசைமாறியிருக்கின்றன என்று கண்ணால் தேட முடியாது. எஸ்பர் 8-இல் கம்பைலர் தனி, ரன்டைம் தனி என்பதால் பில்டின்போதே எல்லாவற்றையும் கம்பைல் செய்துபார்க்கிறோம். ஆனால் இந்த வகைக் கோளாறு கம்பைல் ஆகிவிடுமே!


#17 மதகு

கம்பைல் ஆகக்கூடாத சூழலில் கம்பைல் செய்யுங்கள். உதவி கிளாஸ்களின் இம்போர்ட்டை நீக்கிவிட்டு, அந்த கிளாஸ்களைப் பாதையிலிருந்தும் எடுத்துவிட்டு, அதே வினவல்களை இன்னொரு முறை கம்பைலரிடம் கொடுங்கள். யூஓஎம்.காரணி உண்மையாகவே கிளாஸைத்தான் அழைக்கிறது என்றால் இப்போது தோற்க வேண்டும். தோற்காமல் கம்பைல் ஆகும் வினவல் எதுவோ, அதில் அந்தப் பெயருக்கு நிகழ்வுக்குள்ளேயே பொருள் கிடைத்திருக்கிறது. அவைதான் உங்கள் சந்தேகப் பட்டியல். பில்டில் இதை நிரந்தரமாக வைத்துவிட்டால், அடுத்த முறை யாராவது கெட்டர் சேர்க்கும்போது அன்றே தெரிந்துவிடும்.


#18 இலக்கணப்பிழை

மொழி தராத எச்சரிக்கையை நீங்களே செய்துகொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல உத்தி. ஒரு வினவலில் இரண்டு உதவி அழைப்புகள் இருந்தால் ஒன்று தோற்று, மற்றொன்று திசைமாறியிருப்பதை மறைத்துவிடுமே?


#19 மதகு

ஆம். கிளாஸ்களை மொத்தமாக அல்லாமல் ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிழைச்செய்தியில் வரும் பெயரையும் ஒப்பிட வேண்டும், வேறு காரணத்துக்காகத் தோற்றிருக்கலாம்.


#20 பழையஜாவா

டைனமிக் பண்புகளையும் மறக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்ட பண்பை, இருக்கிறதா இல்லையா என்று கம்பைலர் பார்ப்பதே இல்லை; ஓடும்போது கிடைக்காவிட்டால் நல். அப்படி எழுதிய பகுதி எந்தச் சூழலிலும் கம்பைல் ஆகும், மதகின் சோதனை அங்கே ஒன்றும் சொல்லாது. கேள்விக்குறி உள்ள வினவல்களை முதலில் தனியே பிரித்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.


#21 ஓடைநீர்

பிரித்துவிட்டேன், அவை மிகச் சில. மற்றவற்றுக்கு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. சந்தேகப் பட்டியலில் இப்போதே ஒரு பெயர் விழுந்திருக்கிறது: யூயூஐடி. ஜாவா.யுடிலில் அந்தப் பெயரில் கிளாஸ், எங்கள் நிகழ்வில் கெட்யூயூஐடி என்றொரு கெட்டர். அது இம்போர்ட் பட்டியலில் தானாக வருவது, ஜாவாவோடே இருக்கும் கிளாஸ் என்பதால் பாதையிலிருந்தும் நீக்க முடியாது. அந்த வினவல்களில் முழுப்பெயரையே எழுதிவிடுகிறேன்.